கைநாட்டுக்கு மேலே இருந்த வரி

வளைகுடாவில் நானும் என் கணவரும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். அவர் பிலிப்பைன்ஸ்காரர். அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். ஆய்வகத்தை மூடியதும் இருவருக்கும் ஒன்றாகவே வேலை போனது. வேலை போனால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். ஆளுக்கொரு நாட்டுக்கு விமானம் ஏற மனமில்லாமல், அவருக்குச் சுற்றுலா விசா எடுத்து, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் என் ஊருக்கே கூட்டி வந்தேன். இந்தியப் பெண்ணின் கணவர் என்று விண்ணப்பித்து, அந்த விசாவை மாற்றிக்கொண்டு இங்கேயே தங்க வழி இருந்தது. அதைத் தேடிப் படித்தது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். புரோக்கரிடம் போவதை அவமானமாக நினைத்தேன்.

வந்த அன்று அவர் குனிந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியவர்களுக்கு அவர்கள் ஊரில் செய்யும் மரியாதை அது. அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னாடி இது, மாமியா கையப் போயி புடிக்கிறாரு."

மரவள்ளிக்கிழங்குதான் இருவரையும் பழக்கியது. அம்மா கூலிக்குக் கிழங்கு பிடுங்கப் போய், கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவாள். அவர் அதைத் துருவி, தேங்காயும் வெல்லமும் கலந்து, வாழையிலையில் சுருட்டி வேகவைத்துக் கொடுத்தார். அப்பா மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றார்.

"நான் அவிச்சிப் போட்டா மூஞ்சத் திருப்பிக்குவ. இப்ப இன்னா, எல வரைக்கும் நக்கிக்கினு கீற" என்றாள் அம்மா. அவருக்கு ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஆனால் தெருவில் யாராவது கேட்டால் அம்மாவின் பதில் வேறு. "பொண்ணு கூட வேல செஞ்சவரு. மலையெல்லாம் சுத்திப் பாக்க வந்துகிறாரு."

எனக்குக் கோபம் வந்தது. "மருமவன்னு சொல்றதுக்கு இன்னாம்மா?"

"கழுத்துல ஒண்ணியும் இல்லாம நிக்கிற. எப்பிடிடி சொல்லுவேன்? கோயில்ல வெச்சி ஒரு மஞ்சக்கயிறு கட்டிக்க. பத்து பேருக்கு சோறு போட்டுறலாம். அப்பறம் நானே ஊரெல்லாம் சொல்லிக்கினு வரேன்."

"அரசாங்கமே சீல் போட்டுக் குடுத்திருக்குது. அதுக்கு மேல கயிறு எதுக்கு?"

அவரிடம் சொன்னபோது, கட்டிக்கொண்டால் உன் அம்மா சந்தோஷப்படுவார்களே என்றார். நான் கேட்கவில்லை.

விண்ணப்பம் போட்டேன். நோட்டரியிடம் ஒரு கையெழுத்து வாங்க நானும் அவரும் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்த நாளில், விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அம்மா, "ஒரு போலீசு வந்தாரு. கேட்டாரு, சொன்னேன். டீ குடிச்சிட்டுப் போனாரு" என்றாள். திருமணச் சான்றிதழைக் காட்டினாயா என்று மட்டும் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து விசா அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். 'வீட்டில் தங்கியிருப்பவர் என் மகளோடு வேலை செய்தவர். விருந்தாளியாக வந்திருக்கிறார். சில நாளில் அவர் நாட்டுக்கே போய்விடுவார்.' அதற்குக் கீழே நீல மையில் அம்மாவின் கைநாட்டு.

"போலீஸ்னா அவங்களுக்குப் பயம் சார். தெரியாம சொல்லிட்டாங்க" என்றேன்.

"இருக்கலாம்மா. ஆனா பெத்த தாயே கணவர் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே."

"சான்றிதழ் இருக்குது சார்."

"சான்றிதழ் எல்லாரும்தான் கொண்டுவராங்க. அதுக்காகத்தான் வீட்டுல போய் விசாரிக்கிறது. உத்தரவு வந்துடுச்சும்மா. இருக்கிற விசா முடியறதுக்குள்ள அவரு கிளம்பிடணும். அங்கேருந்து திரும்பப் போடுங்க."

ஆறு நாள் மிச்சமிருந்தது. அதில் நான்கு நாள் நான் அவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. யாரைப் பார்ப்பது, எங்கே மனு கொடுப்பது என்று அலைந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்தில் வாசலுக்கு மேல் என்னை விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வரிசையில் நகர்ந்து நகர்ந்து போனார்.

ஊருக்கு வந்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இன்னா கொறன்னு சொல்லி அனுப்பினாங்க?"

சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கும்வரை அந்த வரியை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

"நான்தான் ஃபாரத்துல ஒரு எடத்துல தப்பா எழுதிட்டேன்."

"நீயா?"

"ஆமா."

அம்மா நம்பிவிட்டாள். "அவ்ளோ படிச்சிட்டு" என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இப்போது மறுபடி விண்ணப்பிக்கிறோம். முன்பு மறுக்கப்பட்டதற்கான காரணத்தை விளக்கி நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். நேற்று அதை எழுத உட்கார்ந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா எழுதுற?"

"போன வாட்டி ஏன் இல்லன்னுட்டாங்கன்னு கேக்குறாங்க."

"தெரியாம தப்பா எழுதிட்டேன்னு எழுது. சின்னப் பொண்ணுதானன்னு உட்ருவாங்க."

சரி என்றேன். என் தாயார் அச்சத்தால் உண்மைக்கு மாறான வாக்குமூலம் கொடுத்துவிட்டார் என்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக என் பேனா போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.