அம்மா புரண்டு படுத்த படம்

எங்கள் அம்மாவின் படம் கண்டியில் ஒரு மண்டபத்துச் சுவரில் தொங்கியிருக்கிறது. அதில் முகம் கிடையாது. அதை ஓர் ஆள் என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராள மனசு வேண்டும்.

மடுல்கெல்லப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஓவியக்கார மிஸ் ஒருவர் வருவார். கொழுந்து பறிக்கிற பெண்களை வெயிலைக் கொண்டே படம் பிடிப்பது அவர் வேலை. மருந்து தோய்த்துக் காயவைத்த துணியை, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் விரிப்பார். அதன்மேல் ஆள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகிவிடும். ஆள் படுத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா அவருடைய படத்தில் அப்படித்தான் நீல வானத்தில் மிதந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அம்மாவும் மிதக்கப் போகிறார் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டேன்.

அம்மா மசியவில்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத அந்த ஒரு நாளில்தான் விறகும் துவைப்பும் மெழுக்கும் அவருக்காகக் காத்திருக்கும். "எனக்கு எங்க நேரம்? அத்தையப் படுக்கச் சொல்லு" என்றார். அத்தையோ, "நல்லா இருக்கிற பொம்பள பட்டப்பகல்ல படுப்பாளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நான் அழுத அழுகைக்காகத்தான் அம்மா வந்து படுத்தார்.

"இருபது நிமிசம் ஆடாம இருங்கம்மா" என்றார் மிஸ்.

படுத்த கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து பனி இறங்கியது. தேயிலை, கோயில், லயம் என்று ஒவ்வொன்றாகக் காணாமல்போய், அம்மாவும் துணியும் மட்டும் மிச்சமிருந்தார்கள். வெயில் போதாது, இன்னும் படுத்திருக்கட்டும் என்றார் மிஸ். எட்டிப் பார்த்தால் அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கி நான் பார்த்ததேயில்லை. நான் எழும்பும்போது அடுப்படியில் நிற்பார், படுக்கும்போதும் அங்கேதான் நிற்பார். இப்போது தூக்கத்திலேயே கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார். முழங்காலை இழுத்து ஒருக்களித்தார். பிறகு மறுபக்கம் புரண்டார்.

"அம்மா அசையுறாங்க மிஸ், எழுப்புங்க" என்று பதறினேன். மிஸ் உதட்டில் விரலை வைத்தார். சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த அப்பாவையும் கையைக் காட்டித் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். எனக்கு மிஸ்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அலசிய துணியில், நீலத்துக்கு நடுவே வெறும் வெள்ளைக் கலங்கல். ஓவென்று அழுதேன். "ஏம்மா தூங்குன? எல்லாம் போச்சு" என்று சண்டைக்கு நின்றேன். அம்மாவின் கன்னத்தில் துணியின் மடிப்பு கோடாகப் பதிந்திருந்தது. எடுத்த படங்களிலேயே அந்தக் கலங்கலைத்தான் மிஸ் பத்திரமாக மடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்.

அடுத்த ஞாயிறு அம்மா விடியுமுன்பே வேலைகளை முடித்து, முகம் கழுவி, யாரும் அழாமலேயே மிஸ்ஸிடம் போனார். நல்ல படம் ஒன்று எடுத்து என் மானத்தைக் காப்பாற்றத்தான் போகிறார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"படமெல்லாம் வேணாம் மிஸ்" என்றார் அம்மா மெதுவாக. "மருந்து போடாத துணின்னாலும் பரவாயில்ல. சும்மா விரிச்சு விடுங்க."

படம் வேண்டாமென்றால் துணி எதற்கு? பாவம், அம்மாவுக்கு இந்த வெயில் படம் எப்படி விழுகிறது என்பதே விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.