தம்பி அமுக்கினால் அண்ணன் மோட்டார்

கோபியிலிருந்து பஸ் ஏறி, உக்கடத்தில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. போனை என் மேசைமேல் போட்டார்.

"ஏனுங்க, நான் அமுக்குனா எங்கண்ணன் மோட்டாரு ஓடுதுங்க. அவருகிட்ட எத்தன பணம் வாங்குனீங்க?"

போனில் அமுக்கினால் தோட்டத்து மோட்டாரை ஓட வைக்கும் பெட்டி எங்களுடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போய் ஒரே நாளில் வாங்கியிருக்கிறார்கள். பிறகு வரப்புத் தகராறு, பேச்சு நின்றுவிட்டது. மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரம் அமுக்கத்தான் பெட்டி. இப்போது தம்பியின் வாழை குலை தள்ளி, தண்ணீர் இல்லாமல் வாடுகிறது.

போன வாரம்தான் போன் செயலியைப் புதிதாக மாற்றியிருந்தோம். செயலி எழுதியவனைக் கூப்பிட்டேன், சர்வர் எழுதியவனையும் கூப்பிட்டேன். "எங்க பக்கம் சரிங்க" என்றார்கள் இரண்டு பேரும். எரிச்சலில் கத்தினேன். பிறகு நானே உட்கார்ந்து, செயலிக்கும் சர்வருக்கும் இடையே போவதையும் வருவதையும் பார்த்தேன்.

இரண்டு பேர் எழுதியதும் சரிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் நீளமான ஒரு எண் உண்டு. சேர்ந்து வாங்கியதால் அண்ணன் தம்பி எண்கள் அடுத்தடுத்தவை. சர்வர் ஒரு நிரல்மொழியில் ஓடுகிறது, செயலி வேறொன்றில். சர்வரின் மொழி அந்த எண்ணை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். செயலியின் மொழிக்கு அவ்வளவு நீளம் தாங்காது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்தில் இருக்கிற எண்ணை எடுத்துக்கொண்டது. அண்ணன் எண் மாறாமல் தப்பியது. தம்பி எண் அண்ணன் எண்ணாகிவிட்டது.

எண்ணை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பச் சொன்னேன். எழுத்தை எந்த மொழியும் திருத்துவதில்லை. அவ்வளவுதான் வேலை. புதிய செயலியை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் மனைவி தோட்டத்தில் வேறொரு போனில் காத்திருந்தார். கரண்ட் இருந்தது. இவர் அமுக்கினார்.

ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், எந்தெந்த நாட்டிலோ உண்டாக்கிய மொழிகள். அவற்றின் வழியாக ஒரு விரலின் அழுத்தம் கோபிக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷம் இதே வேலை செய்தும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. போனில் குழாய் சீறும் சத்தம் கேட்டது, கூடவே அவர் மனைவியின் குரல்.

"வருதுங்க! நம்முளுதுதானுங்க. அவுங்களுது சும்மா கெடக்குது."

அவர் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப ஒரு வாரமா எங்கண்ணனுக்கு நாந்தான் தண்ணி பாச்சிருக்கறனுங்களா?"