கதவு தட்டுகிறவள்

பொருட்காட்சியில் பேய் வீடு போட்டிருந்த முதலாளி, உள்ளே மாட்டப் படம் வேண்டுமென்று தன் தச்சரிடம் சொன்னார். தச்சர் அந்த வேலையை மனைவியிடம் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன் அவள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவள். சாரத்தில் ஏறி ஆள் உயர எழுத்தை அலட்சியமாக எழுதுவாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் தெருமுனையைக்கூடத் தனியாகத் தாண்டியதில்லை. தச்சர் வேலைக்குப் போகும்போது கம்பிக்கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். "காலம் கெட்டுக் கெடக்கு. உன் நல்லதுக்குத்தான்" என்பார்.

முதலாளி கேட்டது கதவு தட்டுகிற பேயின் படம்; அந்த ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. நிறைமாதத்தில் புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுச் செத்தவள். பொழுது சாய்ந்ததும் வந்து தட்டுவாளாம்; திறந்த ஆண் பிழைக்கமாட்டானாம்.

பூட்டிய வீட்டுக்குள், சுவரில் சாய்த்த பலகை முன் அவள் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் வரைந்தாள். கோரைப்பல் இல்லை, ரத்தம் இல்லை. பெரிய வயிறு, ஒற்றைக் காலில் செருப்பு, தட்டித் தட்டிக் கன்றிப்போன விரல்முட்டிகள். கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பேய் நிற்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குள்.

"ஏம்மா, பல்லு எங்க?" என்றார், தச்சரோடு படத்தை எடுத்துப்போக வீட்டுக்கு வந்த முதலாளி.

"பல்லு இருந்தா அவ ஏன் தட்டிக்கிட்டு நிக்கணும்? கடிச்சுக்கிட்டே உள்ள வந்திருப்பாளே."

மாற்ற நேரமில்லை, படம் அப்படியே மாட்டப்பட்டது. அன்று மாலை வரிசை நகரவேயில்லை. பெண்கள் படம் மாட்டியிருந்த திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த தச்சரின் அக்கா, கூட்டத்தைத் தள்ளிவிட உள்ளே போய், அவளும் நின்றாள்.

மறுநாளே முதலாளி வேறு ஆளை வைத்துப் பல் போட்டுவிட்டார். தச்சருக்கு அதுவும் போதவில்லை. "இது நம்ம வீட்டுக் கதவுதானே? என்னைச் சந்தி சிரிக்க வைக்கிறியா?" பிறகு அவர் பலகையே கொண்டுவரவில்லை.

ஒரு முற்பகலில் நாத்தனார் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"சாவி எங்க?"

"அவருகிட்ட, அண்ணி."

"தினமுமா?"

நாத்தனார் நேராகத் தச்சுப்பட்டறைக்குப் போனாள்.

"சாவியக் குடுடா."

"அக்கா, அது எங்க வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயந்தான் பேசுறேன். குடு."

கூட வேலை செய்பவர்கள் கையிலிருந்த உளியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தச்சர் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் மாற்றுச் சாவி ஒன்று மனைவியின் கைக்கு வந்தது. தச்சர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் நாள் கதவைத் திறந்து நண்பகல்வரை நிலைப்படியிலேயே நின்றாள். சைக்கிள் மணி கேட்டால்கூட உள்ளே ஓடினாள். மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் பெயிண்ட் கடைவரை போய்விட்டாள்.

"என்ன கலர்மா?"

ஒரு நிறத்தின் பெயரும் வாயில் வரவில்லை. கைக்கெட்டிய டப்பாவைக் காட்டினாள். வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. என்ன நிறமென்று இன்னும் பார்க்கவில்லை. தச்சர் வர நாலு மணி நேரம் இருந்தது.