மாமா திருத்திய படங்கள்

என் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டில் நிம்மதியாகப் படம் பார்க்கும் சுகம் கெட்டுப்போனது.

அதுவரை நானும் என் கணவரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கத்துக்கான தாள்களைத் தயார் செய்து, கண்டெய்னரைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பிழைப்பு. அவருக்கு அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வாய்த்தால் தியேட்டருக்குப் போவோம். திரும்பும்போது பைக்கிலேயே மார்க்கும் போட்டுவிடுவோம். அவர் எல்லாப் படத்துக்கும் ஐந்துக்கு நாலரை. நான் எல்லாப் படத்துக்கும் மூன்று. அவருக்குப் பிடிக்காத படத்தை இதுவரை யாரும் எடுக்கவில்லை. எனக்கோ ரொம்பப் பிடித்தது என்று சொல்ல வெட்கம். பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் எடுத்தவர் முகம் வாடிவிடும். ஆகவே மூன்று. ஆபீஸ் வாட்ஸாப் குழுவிலும் அதையேதான் போடுவேன். ஒருவரும் அதை மதித்ததில்லை.

மாமா நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு வாத்தியார். சர்ச்சில் சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். சினிமா பார்க்காதவர். எப்போதாவது பார்ப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்ன வயதில் தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காக எழுபத்திரண்டு வயது வரை ஒரு தியேட்டருக்குள்ளும் கால் வைக்காதவர். ஆனால் தியேட்டர் வாசலில் நிறைய நேரம் நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னிக்குப் போகும் பையன்களைப் பிடிக்க, இடைவேளை நேரமாகப் பார்த்து சைக்கிளோடு எதிரே நிற்பாராம். ஒரே நாளில் பதினான்கு பேரைப் பிடித்த கதையை, பெரிய மீன் பிடித்தவரைப்போலக் கையை அகல விரித்துச் சொல்வார். அப்போதெல்லாம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அத்தை அதே ஊரில் தையல் டீச்சராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

ஆபரேஷன் முடிந்து இருவரும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கினார்கள். மாமாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, கொஞ்ச நாளைக்குப் புத்தகம், பேப்பர் எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூரத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கலாம் என்றார். மாமாவுக்கு வாசிக்காமல் இருக்க முடியாது. மூன்றாம் நாளே மருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பதை ரகசியமாக வாசித்து அத்தையிடம் மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் நாங்கள் டி.வி.யில் ஒரு பேய்ப்படம் போட்டோம். அடுக்குமாடி வீட்டில் ஒரு பேய். குக்கர் விசில் கேட்டால் பயந்து ஓடிவிடும். மாமா டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதால் கேட்பதில் தப்பில்லை என்பது அவர் கட்சி. பத்து நிமிடத்தில் பக்கவாட்டில் திரும்பினார். அரை மணி நேரத்தில் நாற்காலி முழுவதுமாகத் திரும்பிவிட்டது.

"கண்ணு எப்படித் தெரியுதுன்னு பாக்குதேன்" என்றார், யாரும் கேட்காமலே.

படம் முடிந்ததும் என் கணவர் வழக்கம்போல "நாலரை" என்றார். நான் "மூணு" என்றேன்.

"எத்தனைக்கு?" என்றார் மாமா.

"அஞ்சுக்குப்பா."

"அஞ்சுக்கு மார்க் போட இதென்ன ஒண்ணாம் கிளாஸ் டெஸ்ட்டா? நூத்துக்குப் போடுலே." கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தானே ஆரம்பித்தார். "கதைக்கு முப்பது. நடிப்புக்கு முப்பது. வசனத்துக்கு இருபது. ஒழுக்கத்துக்குப் பத்து, சுத்தத்துக்குப் பத்து. எழுதிக்கிடும்மா."

நான் மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பேய்ப்படத்துக்கு மொத்தம் முப்பத்தொன்று வந்தது. பாஸ் மார்க் முப்பத்தைந்து.

"ஒழுக்கத்துல ஏன் மாமா முட்டை?"

"பேய்க்குக் கதவைத் திறக்கத் தெரியுது, மூடத் தெரியல. எல்லாக் கதவையும் ஆவுன்னு போட்டுட்டுப் போகுது. அதும்போக கதாநாயகன் சேத்துல உருண்டான்லா? அடுத்த சீன்ல சட்டை வெள்ளையா இருக்கு. எப்பத் தொவச்சான்?"

அந்த மார்க்கை நான் ஒரு வேடிக்கைக்காக ஆபீஸ் குழுவில் போட்டேன். மறுநாள் காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். சரக்கு விஷயமாகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "உங்க மாமா போன மாசம் ரிலீஸான போலீஸ் படத்தைப் பாத்தாச்சா? எத்தனை போட்டாரு?" என்றார். என் மூன்றுகளை ஒரு நாளும் பொருட்படுத்தாத மனிதர்.

பிறகு தினம் ஒரு படம். மாமா சாயங்காலம் நான்கு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருவார். பெயர் போடும்போது எழுத்துப்பிழை கண்டால் ஒரு பிழைக்கு அரை மார்க் குறைப்பார். வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது டி.வி.யில் வரும் எழுத்துக்குப் பொருந்தாதாம். திருடர்களை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கும் அந்தப் போலீஸ் படம் ஓ.டி.டி.யில் வந்த அன்றே பார்த்து இருபத்தொன்பது போட்டார். "ஜலதோஷம் பிடிச்சா டிபார்ட்மென்ட் என்ன செய்யும்?" என்ற அவருடைய கேள்வி எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் ஓடியது. எங்களுக்குக் கண்டெய்னர் ஓட்டும் லாரி டிரைவர் அண்ணாச்சி ஒருவர், டிக்கெட் எடுக்குமுன் எனக்குப் போன் செய்து, "ஸார் திருத்தியாச்சாம்மா?" என்று கேட்கத் தொடங்கினார்.

இதில் உண்மையாகவே அடிபட்டவர் என் கணவர்தான். அவர் தியேட்டரில் மூன்று முறை பார்த்த படம் ஒன்று உண்டு. கதாநாயகன் மாட்டுவண்டியில் ரயிலைத் துரத்திப் பிடிப்பான். அந்தக் காட்சியில் என் கணவருக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். மாமா அதற்கு இருபத்தெட்டு போட்டார்.

"அப்பா, இது அநியாயம்."

"ஏலே, ரயிலு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்துல போகுது. மாடு மிஞ்சிப்போனா இருபது. ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்புது. மாடு எப்பப் போய் ரயிலைப் பிடிக்கும்? போட்டுக் காட்டு பாப்போம்."

நாற்பத்தொரு வயது மனிதர் பேனாவை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே கணக்குப் போட உட்கார்ந்தார். விடை வரவில்லை. மறுமதிப்பீடு கேட்டார். மாமா நேர்மையானவர், மறுநாள் படத்தை முழுவதும் இன்னொரு முறை பார்த்தார். இருபத்து நான்கு போட்டார். "ரெண்டாந்தடவை பாக்கும்போதுதான் நெறைய தப்பு கண்ணுல படுது" என்றார். என் கணவர் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி, பிறகு தோசை என்று தெரிந்ததும் வந்து உட்கார்ந்தார்.

நான்காம் வாரம், துறைமுகத்தைக் களமாக வைத்து ஒரு புதுப்படம் வந்தது. ஆபீஸே பரபரத்தது. நம்ம தொழிலைப் பற்றிய படம், ஸார் மார்க் போட்டே ஆகவேண்டும் என்று குழுவில் நச்சரித்தார்கள். ஓ.டி.டி.க்கு வர இன்னும் ஒரு மாதமாகும். தியேட்டருக்குத்தான் போகவேண்டும்.

மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். பிறகு, "ஆனா எங்கப்பா சொன்னது நாசரேத்துத் தியேட்டரைத்தான்" என்றார். அதன் பிறகு, "இந்தக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா யாருக்கும் என்னைய அடையாளம் தெரியாதுல்லா?" என்றார்.

சனிக்கிழமை மேட்னிக்கு நான்கு பேரும் காரில் போனோம். மாமா கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், ஒரு தொப்பி சகிதம் இறங்கினார். வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரை மட்டும் இரண்டு முறை சோதனை போட்டார்.

படத்தில் கதாநாயகன் துறைமுகத் தொழிலாளி. கிரேனிலிருந்து அறுந்து விழும் கண்டெய்னரைத் தோளில் தாங்குகிறான். வில்லனின் கண்டெய்னரோ ஒரு தாளும் இல்லாமல், சீல் நம்பர்கூடப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு கையெழுத்து குறைந்தாலே எங்களை மூன்று நாள் அலையவிடுவார்கள். திரும்பிப் பார்த்தேன். மாமா நாற்காலியின் நுனியில் இருந்தார். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது.

இடைவேளையில் கேன்டீன் பக்கம் வந்தோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், நரைத்த மீசை, நல்ல தொந்தி, கையில் பெரிய பாப்கார்ன் டப்பாவோடு திரும்பினார். மாமாவைப் பார்த்தார். தொப்பி, கண்ணாடி எதுவும் அவரை ஏமாற்றவில்லை. கையிலிருந்த பாப்கார்னைப் பக்கத்திலிருந்த என் கணவரிடம் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடி, கதாநாயகனின் ஆளுயர அட்டைப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மாமா அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. யாரோ ஊர்க்காரன் தன்னை அடையாளம் கண்டுவிட்டான் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. அவரும் பதறிப்போய் ஒளிய இடம் தேடினார். அங்கே அந்த ஒரு அட்டைப் படம்தான் இருந்தது.

நானும் என் கணவரும் பின்னாலேயே போனோம். அட்டைக் கதாநாயகனின் முதுகுப் பக்கம் இருவரும் மூக்கோடு மூக்கு உரச நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஸார், நான் மட்டம் போட்டுட்டு வரல ஸார்" என்றார் தொந்திக்காரர். "இன்னைக்கு லீவு ஸார்."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ கடைசி பெஞ்சுதானே?"

"ஆமா ஸார். இப்ப சொந்தமா ஹார்டுவேர்ஸ் கடை வச்சிருக்கேன். ரெண்டு பிள்ளைய. நான் படம் பாக்கலாம்ல ஸார்?"

"பாக்கலாம்லே. நானும் பாக்கலாம்" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் உன்னையப் பாக்கல. நீயும் என்னையப் பாக்கல. ஊருல போய்க் கமிட்டிக்காரங்ககிட்ட மூச்சு விட்டிராத" என்றார்.

"சத்தியமாச் சொல்லமாட்டேன் ஸார்" என்று சொல்லிவிட்டு அவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார், பிரம்படிக்கு. மாமா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கணவர் அதற்குள் பாப்கார்னில் பாதியைத் தின்றிருந்தார்.

இந்தக் கூத்து நடக்கும்போது அத்தையைக் காணோம். தேடினால், கையில் நான்கு சமோசாவோடு அமைதியாகத் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "இன்டர்வெல்லுக்கு அஞ்சு நிமிஷம் முந்தியே எந்திச்சுப் போயிரணும். அப்பத்தான் சூடா கிடைக்கும்" என்றார்.

திரும்பும் வழியில் காரில் மார்க் போடும் நேரம் வந்தது. என் கணவர் நாலரை. நான் வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றைக் கைவிட்டேன். "அஞ்சுக்கு அரை. அதுவும் கடலைக் காட்டினதுக்கு" என்றேன்.

"அறுபத்தொண்ணு" என்றார் மாமா. "ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"மாமா! இருபது டன் கண்டெய்னரைத் தோள்ல தாங்குதான். இதுக்குக் கணக்கு வேண்டாமா?"

"கதைன்னா அப்படி இப்படி இருக்கும்மா. எல்லாத்தையும் கணக்குப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி ரசிக்க?"

என் கணவர் வண்டியை ரோட்டோரம் நிறுத்தினார். "அப்போ என் மாடு?" என்றார்.

அப்பாவும் மகனும் வாக்குவாதம் செய்து முடிக்க இருபது நிமிடமானது. ஒருவழியாக வண்டி கிளம்பியதும், மாமாவுக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"ஏளா, சமோசா எப்பச் சூடா கிடைக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் மத்த டீச்சர்மாரும் அரை நாள் லீவு போட்டுட்டுப் போவோம்லா. நம்ம கல்யாணத்துக்கு முந்தியும் போவோம், பொறவும் போவோம்."

"நான் வாசல்ல நின்னிருக்கேன். ஒரு நாள்கூட உன்னையப் பாத்ததில்லையே!"

"நீங்க முன்வாசல்ல நின்னிய. பொம்பளைய வாசல் பின்பக்கம்லா."

வீட்டுக்குள் வந்து மாமா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும்போதுதான், "மொத்தம் எத்தனை படம்?" என்று மெதுவாகக் கேட்டார். "யாரு எண்ணினா?" என்றார் அத்தை.

மாமாவின் அறுபத்தொன்றை நம்பி எங்கள் ஆபீஸில் ஏழு பேர் குடும்பத்தோடு போனார்கள். திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவர் அண்ணாச்சி மட்டும் போனில், "ஸாருக்கு இன்னொரு கண்ணுலயும் ஆபரேஷன் பாக்கணும்னு நெனைக்கேன்" என்றார், உண்மையான அக்கறையோடு.

மாமாவும் அத்தையும் நாசரேத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மாமா இப்போதும் எனக்கு மார்க் அனுப்புகிறார். ஆனால் ஆபீஸ் குழுவில் போடுவது அத்தையின் தீர்ப்பைத்தான். அவர் எண்ணெல்லாம் சொல்வதில்லை. "பாக்கலாம்", இல்லையென்றால் "தூக்கம் வருது". போன வாரம் ஒரு படத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "சமோசாவுக்காகப் போகலாம்." மறுநாளே மேனேஜர் போய்விட்டு வந்து, அத்தை சொன்னது அப்படியே சரி என்றார்.