கார்ட்டர் என்ற எங்கள் பெயர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்ட்ரெதமில், தேவாலயத்தின் பழைய கல்லறை ஒன்றில் ‘கார்ட்டர்’ என்று பொறித்திருந்தது. எங்கள் குடும்பப் பெயர். ஈரப் பாசியின் மணம் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அப்பா, தாத்தாவின் தகப்பனான என் பூட்டனின் கல்லறையைத் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக் கழுவுவார். மிஷன் பள்ளியில் பூட்டனின் படிப்புக்குப் பணம் அனுப்பிய, முகம் தெரியாத வெள்ளைக்காரரின் பெயர்தான் கார்ட்டர். பூட்டனுக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

“அதுக்கு முதல் அவற்ர பேர் என்னப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பாவின் கை நின்றது. “தெரியாது மகன். ஒருத்தரும் எழுதிவைக்கேல்லை.” பிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“அப்பா, இவர் எங்கட ஆளோ?” என்ற குரல் என்னை ஸ்ட்ரெதமுக்குத் திருப்பியது; பக்கத்தில் நின்ற என் மகள்.

இல்லை என்று சொன்னால், எங்கள் ஆள் யார் என்று கேட்பாள். அதற்குள் அந்த அந்நியரின் கல்லைத் தன் கோட்டுக் கையால் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.