கொல்லயிலில் ஒரு வழியனுப்பு ஜெபம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். எட்டேகாலுக்கு நாகர்கோவில். அங்கே இரண்டு இட்லி, களியக்காவிளைக்கு முப்பத்திரண்டு ரூபாய் டிக்கெட். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஏறி இறங்கி வந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிகிறது. ஆனால் மீன் விற்கிற பெண்ணிடம் ஒருவர் தமிழில் விலை கேட்க, அவள் மலையாளத்தில் சொல்ல, அவர் தமிழிலேயே திட்டிவிட்டு வாங்கிப் போனார். எல்லையைப் பற்றி அங்கே கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான்.

எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கிற கொல்லயிலுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். போக வேண்டிய வீட்டுக்காரன் பெயரைச் சொன்னதுமே டிரைவர், "பட்டாளக்காரன் செல்வினுக்க வீடா? லீவு முடிஞ்சு நாளைக்குப் போறான். இண்ணைக்கு அங்க ஜெபம் உண்டு" என்றார்.

செல்வின் எனக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்லிவிடுகிறேன். நானும் ஆறு தோழிகளும் மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் 'போர் வேண்டாம்' என்று அட்டை பிடித்து நிற்பவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் டெல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது, நாக்பூர் தாண்டியதும் எனக்கு நல்ல காய்ச்சல். எதிர் பெர்த்தில் இருந்த செல்வின்தான் கஞ்சியும் மாத்திரையும் தேடிக் கொண்டுவந்து ஊர் வரை பார்த்துக்கொண்டான். அட்டைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவனுடைய ராணுவக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அட்டையைப் படித்துவிட்டு, "அக்கா, முதல்ல பாரசிட்டமால் வேணும்" என்றான். அன்றிலிருந்து அவனும் அவன் மனைவி லீடாவும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும். மூன்று மணிக்கு செல்வின் பைக்கில் என்னைச் செங்கல் என்கிற பக்கத்து ஊரின் சிவன் கோவிலுக்குக் கூட்டிப்போனான். அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டிய சிவலிங்கம். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், நான் எங்கும் போகாதவள். இரண்டு பேரும் வெளியே நின்று சர்பத் குடித்தோம். அவன் வேலை வண்டி மெக்கானிக் என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டி எதை இழுக்கிறது என்று மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"பீரங்கி" என்றான்.

"அதன் குண்டு யார் வீட்டில் போய் விழும்?"

"அக்கா, எனக்க வண்டி வழியில நிக்கப்பிடாது. எனக்க வேல அதாக்கும். அதுக்குப் பிறவு உள்ளது எனக்க கையில இல்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னவனைப் பிடித்திருந்தது. என் கஷ்டமே இதுதான். பிடிக்காதவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

மாலை ஆறரைக்கு முன்னறையில் பாய் விரித்தார்கள். உறவுக்காரர்கள் பதினைந்து பேர் இருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபிக்க, தூரத்திலிருந்து வந்தவர் முடித்துவைப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமாம். தூரத்திலிருந்து வந்தவள் நான். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஜெபம் தெரியாதே" என்றேன்.

"மீட்டிங்குல பேசுத ஆளுதானே. நாலு வார்த்த சொன்னா மதி" என்றாள் லீடா.

லீடாவின் அப்பா கணீரென்று ஜெபித்தார். "சத்துருக்களை இவன் பாதத்தின் கீழே விழப்பண்ணும் ஆண்டவரே." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அடுத்தது என் முறை. மனதில் இருப்பதை மறைத்தால் மாதாமாதம் அட்டை பிடிப்பது வேஷம். சொன்னால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாமல் போகலாம்.

"செல்வின் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும்" என்று தொடங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவனுக்கு எதிரே நிற்கிறவர்களும் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவன் பழுது பார்க்கிற வண்டிக்கு வேலையே வராமல் போக வேண்டும்" என்றேன்.

இரண்டு மூன்று ஆமென்தான் கேட்டது. லீடாவின் அப்பா தொண்டையைச் செருமினார். செல்வின் சிரித்துவிட்டான். "அக்கா ஜெபம் பலிச்சா எனக்க வேல போயிரும்." எல்லாரும் சிரித்தார்கள், லீடாவைத் தவிர. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த இடத்தில் வாயைக் கொடுத்து நல்ல உறவைக் கெடுத்துக்கொண்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினேன். செல்வின் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்து, "அடுத்த லீவுக்கும் வரணும், கேட்டியளா" என்றான். பஸ் ஏற்றிவிட லீடா கூட வந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதித் தூரம் நடந்தோம். பிறகு நின்றாள்.

"நேத்து நான் ஆமென் சொல்லல்ல. பாத்தியளா?"

"பார்த்தேன். உன் மனசைப் புண்படுத்திவிட்டேன், லீடா."

"இல்லக்கா. ஆமென்னு வாயைத் திறந்தா அழுதுருவேன். இண்ணைக்குப் போற ஆளு முன்ன அழப்பிடாது. யுத்தம் வேண்டாம்னு எனக்க வீட்டுல நான் எப்படிச் சொல்லுவேன்? அது அவருக்குச் சோறாக்கும், மானமாக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிங்க அட்டை பிடிச்சு நிக்கும்போ எனக்கும் சேத்து நில்லுங்க. எனக்க பேரு மட்டும் சொல்லண்டாம்."

பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகிற பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் மாதம் ஒருவராவது அட்டையைப் பார்த்துவிட்டு, "இதை ஒரு பட்டாளக்காரன் வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்" என்பார். பதில் தெரியாமல் நிற்போம். இந்தக் கட்டுரையில் ஆட்களின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். அடுத்த முறை யாராவது கேட்டால், 'சொல்லிப் பார்த்தேன், அங்கேயும் ஒருத்தி எங்களோடு நிற்கிறாள்' என்ற பதில் என்னிடம் இருக்கும், ஆனால் அது யார் வீடு என்று வாயைத் திறக்க மாட்டேன்.