பத்துப் பேத்தையும் ராக்காயியின் கண்ணாடியும்

ஜெகதாப்பட்டினம் கரையில் நெத்திலி பொறுக்கிய பெண்கள் எத்தனையோ பேர். ராக்காயிக்கு ஈடாக ஒருத்தி கிடையாது. இதில் யாரும் மாற்றுச் சொல்ல வேண்டாம்.

கருவாட்டு வேலையில் காயப்போடுவது பெரிய காரியமல்ல, அதை வெயில் பார்த்துக்கொள்ளும். பொறுக்குவதுதான் வேலை. வலையில் நெத்திலியோடு நண்டுக்குஞ்சு வரும், சிப்பி வரும். அவற்றால் பல்லுக்குத்தான் கேடு. ஆனால் பேத்தை என்ற விஷமீனின் குஞ்சும் வரும். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். உயிரோடு இருக்கும்போது பந்து போல ஊதித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்துவிட்டாலோ சுருங்கி, நெத்திலிக்குள் நெத்திலியாகப் படுத்துக்கிடக்கும். அது குழம்பில் விழுந்தால், தின்றவர்களுக்கு முதலில் உதடு மரத்துப்போகும். அப்புறம் கைகால். அப்புறம் மூச்சு.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மேற்கே ஒரு ஊரில் தாயும் மகளும் அப்படித்தான் போனார்கள். இந்தக் கரையிலிருந்து போன அந்தக் கருவாட்டைப் பொறுக்கியது எந்தக் கை என்று தெரியவில்லை. கரையில் இருந்த மற்றப் பன்னிரண்டு பெண்களும் தங்கள் கை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ராக்காயி மட்டும், தன் கையாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தான் பொறுக்கிய மூட்டைகளைத் தன் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியால் கட்டினாள். எது நடந்தாலும் இது யார் கை என்று தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு நிறத்தில் கட்டத் தொடங்கினார்கள்.

நாற்பது வயது தாண்டியதும், அறந்தாங்கிச் சந்தையில் தட்டில் பரப்பி விற்றவனிடம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, உள்ளங்கை ரேகை தெளிவாகத் தெரிந்த கண்ணாடியை வாங்கி வந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்குக் கண்ணாடி ஒரு கேடா என்று கரையே சிரித்தது. அந்தக் காலத்தில் கண்ணாடி என்றால் வாத்தியாருக்கும் கணக்கப்பிள்ளைக்கும்தான். அதுவும் பித்தளைச் சொம்பு மாதிரி, உடைகிறவரைக்கும் ஓடும். அப்பனுக்குப் பிறகு மகன் மாட்டிக்கொள்வான்.

கண்ணாடி அப்படியே இருக்கும், கண் அப்படியே இருக்காது. இதை ராக்காயிக்கு ஒரு டாக்டரும் சொல்லித்தரவில்லை. பல் வலித்தால் தெரியும், கால் வீங்கினால் தெரியும். கண் மங்குவது மட்டும் சத்தமில்லாமல் நடக்கும், மங்கினவளுக்கே தெரியாது. ஆகவே அவள் ஒரு சோதனை வைத்துக்கொண்டாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், காலையில் வேலை தொடங்கும் முன், பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் அழகி தான் பொறுக்கி முடித்த மீனில் ஒரு கூடை எடுத்து, அதில் பத்துப் பேத்தைக் குஞ்சை எண்ணிப் போட்டுக் கலக்கித் தர வேண்டும். பத்தும் வந்தால் கண்ணாடி இருக்கலாம். மூன்றாம் வருஷம், பத்தாவதைத் தேட நேரமாகிறது என்று தெரிந்ததுமே முதல் கண்ணாடியை மாற்றிவிட்டாள்.

இரண்டாவது அப்படி முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனிப் பௌர்ணமியன்று ஒன்பதுதான் வந்தது.

அழகிக்கு முகம் மாறிவிட்டது. மறுநாள் மதுரைக்கு லாரி போகிறது. கிட்டங்கியில், போன அமாவாசைச் சோதனைக்குப் பிறகு சிவப்புத் துணி கட்டிய மூட்டை மட்டும் இருபத்திரண்டு அடுக்கிக் கிடக்கிறது.

"நாந்தான் எண்ணுனதுல தப்பு பண்ணிட்டேன்க்கா. ஒம்பதுதான் போட்டேன் போல."

"ஏடி, எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகலை. நீ பொய் சொல்றது நல்லாவே கேக்குது."

அழகி கூடையைப் பாயில் கொட்டி விரலால் துழாவினாள். பத்தாவது ஒரு ஓரத்தில் கிடந்தது. ராக்காயி கண்ணாடியைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு நேரே கிட்டங்கிக்குப் போனாள்.

கருவாட்டு முதலாளி செல்லமுத்து கெட்டவரல்ல, ஆனால் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. கண் இன்றைக்குத்தான் மங்கியிருக்கும், முன்பே கட்டிய மூட்டைக்கு அது என்ன செய்யும் என்று அவர் கேட்டார்.

"எந்த நாளு மங்குச்சுன்னு எனக்குத் தெரியலைங்க மொதலாளி. தெரிஞ்சா அந்த நாளுலேருந்து அவுத்தாப் போதும். தெரியாததுனாலதான் எல்லாத்தையும் அவுக்கச் சொல்றேன்."

மூட்டையில் கை வைத்தால் இனிக் கரைப்பக்கம் வேலைக்கு வரவே வேண்டாம் என்றார் அவர். புருஷன் இல்லாதவள், அந்தக் கரையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதைத் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்து முதல் மூட்டையின் சிவப்புத் துணியை அவிழ்த்தாள்.

அழகி முதலில் வந்தாள். பிறகு நான்கு பெண்கள் வந்தார்கள், திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ஒரு கை பார்த்ததை இன்னொரு கையும் பார்க்க வேண்டும் என்று ராக்காயி அடம் பிடித்தாள். அவள் மட்டும் மீனைத் தொடவில்லை. கொட்டினாள், அள்ளினாள், கட்டினாள், எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். லாரி அவள் மூட்டைகள் இல்லாமலே போயிற்று. இரண்டு பகல் முழுக்கப் பார்த்தும் ஒரு பேத்தைகூட அகப்படவில்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. இதுக்கா இந்தக் கூத்து?" என்றார் செல்லமுத்து.

"இல்லைன்னு இன்னிக்குத்தாங்க தெரியுது. முந்தாநாளு நமக்குத் தெரியாது."

கண்ணாடி மாற்றாமல் பொறுக்க உட்காராதே என்று மட்டும் அவர் சொன்னார். விட்டுக்கொடுத்த மாதிரியும் இருக்கக்கூடாது, வேலையை விட்டு நிறுத்தின மாதிரியும் இருக்கக்கூடாது அவருக்கு.

இந்தத் தடவை சந்தைத் தட்டு வேண்டாம் என்று பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கே போனாள். டாக்டர் அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். எழுத்துத் தெரியாதுங்க என்றாள். அவர் வேறொரு அட்டையைத் திருப்பினார். அதில் மூன்று கால் வைத்த ஒரே உருவம் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பி நின்றது. கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று அவள் பட்டென்று சொன்னதில் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊகத்தில் சொல்கிறவர்களுக்குத்தான் தப்பான கண்ணாடி வந்து சேரும் என்றாராம்.

கண்ணாடி வர ஒரு மாதம் ஆனது. அதுவரை தண்ணீர் சுமந்தாள், பாய் உதறினாள், மீனைப் பொறுக்க உட்காரவில்லை. புதுக் கண்ணாடி வந்த அன்று அமாவாசையும் அல்ல, பௌர்ணமியும் அல்ல. இருந்தாலும் அழகியைக் கூடை கலக்கித் தரச் சொன்னாள். குனிந்து பொறுக்கி வரிசையாக வைத்தாள்.

பதினொன்று இருந்தது.

அழகி இரண்டு முறை எண்ணினாள். "பத்துதான்க்கா போட்டேன். சத்தியமா பத்துதான்."

இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை என்பது ராக்காயிக்குக் கேட்டது. கூடையில் இருந்தது அழகி பொறுக்கி முடித்த மீன். ராக்காயி பதினொன்றாவதை மட்டும் அழகி பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

அழகி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்து, நீலத் துணி கட்டிய தன் மூட்டைகளை அவிழ்க்கக் கிட்டங்கிக்கு நடந்தாள். செல்லமுத்து அவள் வந்த வேகத்தையும், பின்னால் ராக்காயி பாயைத் தூக்கிக்கொண்டு வருவதையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினார்.